கண்புரையும் லேசரும்: பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்

அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கண்புரை பற்றிய பேச்சு எழுந்தால், இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். "இங்கேயே செய்துகொள்ளலாமா, சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டுமா?" என்பது முதல் கேள்வி. "லேசரில் செய்வார்களா, கத்தியில் செய்வார்களா?" என்பது இரண்டாவது. முதல் கேள்வி பணத்தையும் பயணத்தையும் துணைக்கு வருவோரின் விடுப்பையும் சார்ந்தது. இரண்டாவது கேள்வியோ பெரும்பாலும் ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது. லேசர் என்றால் உயர்ந்தது, வலியற்றது, பாதுகாப்பானது. மற்றவை பழையவை என்பதே அந்த எண்ணம். அதை நம்பி வாழ்நாள் சேமிப்பின் ஒரு பகுதியைச் செலவிட முன்வருவோரும் உண்டு. அவ்வளவு பணம் இல்லையே என்று அறுவையையே தள்ளிப்போட்டுப் பார்வையை இழப்போரும் உண்டு.

உண்மையில், லேசர் என்னும் ஒரே சொல் கண் மருத்துவத்தில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துடன் செய்யப்படும் பல சிகிச்சைகளைக் குறிக்கிறது. அவற்றுள் எது நம் கண்ணுக்குத் தேவை, எது விருப்பத்திற்கு உரியது என்று பிரித்தறிந்தால் பார்வையும் காக்கப்படும், பணமும் காக்கப்படும். அதற்கு இக்கட்டுரை வாசகர்களுக்குத் துணைசெய்யும் என நம்புகிறோம்.

புரை என்பது என்ன?

கண்மணிக்குப் பின்னால், மெல்லிய பை ஒன்றினுள் ஒளி ஊடுருவும் லென்ஸ் ஒன்று அமைந்துள்ளது. நீராலும் புரதத்தாலும் ஆன இந்த லென்ஸ், வெளியிலிருந்து வரும் ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச் செய்கிறது. வயது ஏறும்போது அதிலுள்ள புரதங்கள் மெல்லத் திரண்டு, லென்ஸ் தன் தெளிவை இழக்கிறது. இந்த மங்கலையே கண்புரை என்கிறோம். ஆகவே, புரை என்பது கண்ணின் மேல் படர்ந்த படலம் அன்று. அதைச் சுரண்டி எடுக்கவும் இயலாது. சொட்டு மருந்தால் அதைக் கரைக்கவும் இயலாது. மங்கிய லென்ஸை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் செயற்கை லென்ஸ் ஒன்றைப் பொருத்துவதே இன்றுவரை உள்ள தீர்வு.

கடலோர ஊர்களில், கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்வது பலரிடம் காணப்படும். அதையே புரை என்று எண்ணுவோர் உளர். அது வேறு நோய். அதற்குரிய சிகிச்சையும் வேறு. எனினும் சதை வளர்ச்சி கருவிழியின் வளைவை மாற்றிவிடுவதால், பொருத்த வேண்டிய லென்ஸின் அளவு பிழையாகக் கணிக்கப்படலாம். இதனால் சிலருக்கு முதலில் சதையை நீக்கி, கண் ஆறிய பிறகே புரை அறுவை செய்வர்.

புரை வலிப்பதில்லை, கண்ணைச் சிவக்கச் செய்வதுமில்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்தல், நிறங்கள் பழுப்பேறித் தோன்றுதல், கண்ணாடியின் எண் அடிக்கடி மாறுதல், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலும் உருவம் இரட்டையாகத் தெரிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சிலருக்கு, வாசிக்கும் கண்ணாடி இல்லாமலே திடீரென எழுத்துகள் தெரியத் தொடங்கும். இளமைப் பார்வை திரும்பிவிட்டது என்று அவர்கள் மகிழ்வதுண்டு. அதுவும் புரை முற்றுவதன் ஓர் அடையாளமே.

இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காட்டிற்குக் காரணம் கண்புரை. மூன்றில் இரண்டு பங்குக்கு நிகரான இப்பார்வையிழப்பு, அறுவையால் மீட்கக்கூடியது என்பதே இதில் கவனிக்கத்தக்க செய்தி.

வெயிலும் கடலும்

வயதே புரைக்கு முதற்காரணம். நீரிழிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல், கண்ணில் பட்ட காயம் ஆகியவை அதை விரைவுபடுத்தும். கடல் சூழ்ந்த நிலத்தில் வாழ்வோர் மற்றொரு காரணத்தையும் மனத்திற்கொள்ள வேண்டும். அது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்.

அமெரிக்காவின் செசாபீக் விரிகுடாவில் படகுத் தொழில் செய்யும் 838 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1988இல் வெளியானது. புற ஊதாக் கதிரை மிக அதிகமாக ஏற்றவர்களிடம், மிகக் குறைவாக ஏற்றவர்களைக் காட்டிலும், லென்ஸின் வெளியடுக்கில் உண்டாகும் புரை சுமார் மூன்று மடங்கு காணப்பட்டதாக அவ்வாய்வு தெரிவித்தது. விளிம்புள்ள தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கண்ணை அடையும் கதிரைப் பெரிதும் குறைக்கும். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் நாள் முழுவதும் நிற்கும் நம் மீனவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் இவ்விரண்டும் மருந்துக்கு நிகரானவை.

லேசர் இல்லாமலே நடைபெறும் அறுவை

புரை அறுவை நமக்குப் புதிதன்று. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில், கண் நோயாளிகளுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சைகள் படங்களுடன் ஏட்டில் பதியப்பட்டன. அவை இன்றும் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

அக்காலத்தில் புரையை அகற்றிய பின் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. அந்நிலையை மாற்றியவர் ஆங்கிலேய மருத்துவர் ஹரோல்டு ரிட்லி. போரில் விமானத்தின் முகப்புக் கண்ணாடி சிதறி விமானிகளின் கண்ணுக்குள் சென்ற பிளாஸ்டிக் துணுக்குகள், கண்ணுக்குள் பெரிய எதிர்வினை எதையும் உண்டாக்காமல் தங்கிவிட்டதை அவர் கண்டார். அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று லண்டனில் ஒருவர் கண்ணில் பொருத்தினார். இந்தியாவில் அந்த லென்ஸ் எளியவர்க்கும் எட்டியதற்கு மதுரை பெரும் காரணமாயிற்று. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் துணை அமைப்பாக 1992இல் உருவான அரோலேப், உள்விழி லென்ஸைக் குறைந்த விலையில் தயாரித்து வழங்கியது.

இன்று பரவலாகச் செய்யப்படும் அறுவை முறைகள் இரண்டு. இரண்டிலும் லேசர் இல்லை.

முதலாவது, சிறு வெட்டு முறை. ஆறு, ஏழு மில்லிமீட்டர் அளவுள்ள வெட்டின் வழியே புரையை முழுதாக வெளியே எடுப்பர். வெட்டு தானாகவே மூடிக்கொள்ளும் வகையில் அமைவதால் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. விலையுயர்ந்த இயந்திரமும் தேவையில்லை. முற்றிக் கடினமான புரைக்கு இது மிகவும் ஏற்றது. கைதேர்ந்த மருத்துவர் செய்தால் கிடைக்கும் பார்வை, பிற முறைகளுக்குப் பெரிதும் இளைத்ததன்று.

இரண்டாவது, ஃபேகோ முறை. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967இல் இதை அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் துளை வழியே மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதன் நுனியில் எழும் மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பர். பிறகு மடித்த லென்ஸை அதே துளை வழியே உள்ளே செலுத்தி விரியச் செய்வர். கண் விரைவில் தேறும். மக்கள் வழக்கில் "லேசர் ஆபரேஷன்" எனப்படுவது பெரும்பாலும் இந்த ஃபேகோதான். இதில் பயன்படுவது ஒலி அதிர்வு; லேசர் ஒளி அன்று.

"புரை நன்றாகப் பழுக்கட்டும், பிறகு எடுக்கலாம்" என்னும் பழைய கருத்து இன்று பொருந்தாது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகத் தொடங்கியதும் அறுவை செய்துகொள்ளலாம். மிகவும் முற்றவிட்டால் லென்ஸ் கடினமாகி அறுவை சிரமமாகும். சிலருக்குக் கண்ணின் அழுத்தமும் உயரும்.

அறுவையின்போது பயன்படும் லேசர்

அறுவையில் உண்மையாகவே லேசரைப் பயன்படுத்தும் முறைக்கு ஃபெம்டோசெகண்ட் லேசர் முறை என்று பெயர். ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் மருத்துவர் சோல்டான் நாகி 2008இல் முதன்முதலாக இம்முறையில் புரை அறுவை செய்தார். கருவிழியில் துளையிடுதல், லென்ஸ் பையின் முன்புறத்தை வட்டமாகத் திறத்தல், புரையைத் துண்டுகளாகப் பிளத்தல் ஆகிய மூன்று பணிகளைக் கணினியின் வழிகாட்டலில் லேசர் செய்கிறது. ஆனால் பிளந்த துண்டுகளை வெளியே எடுக்க மீண்டும் ஃபேகோ இயந்திரமே வேண்டும். லென்ஸைப் பொருத்துவதும் மருத்துவரின் கையே. ஆதலால் இதை ஃபேகோ அறுவைக்கு லேசர் துணைநிற்கும் முறை என்பதே பொருத்தம்.

லேசர் இடும் வட்டம் மிகவும் துல்லியமானது என்பதில் ஐயமில்லை. அந்தத் துல்லியம் நோயாளியின் பார்வையில் வேறுபாட்டைத் தருகிறதா என்பதுதான் கேள்வி. இதை ஆராய்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2020இல் வெளியாயின. ஒன்று பிரான்சிலும் மற்றொன்று பிரிட்டனிலும் நடந்தவை. லேசர் துணையுடன் செய்துகொண்டோருக்கும் வழக்கமான ஃபேகோ செய்துகொண்டோருக்கும் இடையே, பார்வைத் தெளிவிலோ சிக்கல்களிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கூடுதல் செலவுக்கு ஈடான பயன் இல்லை என்பதே இரண்டின் முடிவும்.

இதனால் ஃபெம்டோ லேசர் தீங்கானது என்று பொருளாகாது. குறிப்பிட்ட சில கண்களில் அதைப் பரிந்துரைக்க மருத்துவருக்குக் காரணம் இருக்கலாம். கண்மணி போதிய அளவு விரியாதவர்களுக்கும் கருவிழியில் தழும்பு உள்ளவர்களுக்கும் அது பொருந்தாமலும் போகலாம். லேசருக்காக வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறிக்க எண்ணுவோர், மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: "என் கண்ணுக்கு இதனால் கிடைக்கும் தனிப்பட்ட நன்மை என்ன?" தெளிவான விடை கிடைக்காவிட்டால், வழக்கமான ஃபேகோவையோ சிறு வெட்டு முறையையோ தயக்கமின்றி ஏற்கலாம்.

எந்த லென்ஸ்?

அறுவைக்குப் பின் நாம் எப்படிப் பார்க்கப்போகிறோம் என்பதை லென்ஸின் வகையும், அதன் அளவு கணிக்கப்பட்ட துல்லியமுமே பெரிதும் முடிவு செய்கின்றன.

ஒரு தொலைவுக்கு மட்டும் குவியும் லென்ஸ் விலை குறைந்தது. தெளிவான பார்வையைத் தருவது. வாசிக்க மட்டும் கண்ணாடி தேவைப்படும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்கு அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் உண்டு. தொலைவுக்கும் அருகுக்கும் சேர்ந்து உதவும் பல்குவிய லென்ஸ் கண்ணாடித் தேவையைக் குறைக்கும். ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றச் செய்யலாம். மங்கிய வெளிச்சத்தில் பொருள்களின் வேறுபாடு குறைவாகத் தெரியலாம். இருட்டில் டிங்கி ஓட்டுவோர், இரவில் வாகனம் ஓட்டுவோர், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டோர் ஆகியோர் தம் தொழிலையும் நோயையும் மருத்துவரிடம் சொல்லிய பிறகே இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இளமையில் கண்ணாடியைத் தவிர்க்கக் கருவிழியில் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அதை மறவாமல் கூற வேண்டும். கருவிழியின் வளைவு முன்பே மாற்றப்பட்டிருப்பதால், வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. பழைய மருத்துவக் குறிப்புகள் கையில் இருப்பின் மிகவும் உதவும்.

அறுவைக்கு முன் தேவைப்படும் லேசர்

சிலருக்கு மங்கலுக்குப் புரை மட்டுமே காரணமாக இராது. நீரிழிவால் விழித்திரையில் இரத்தக்கசிவு இருப்பின், அதற்குரிய லேசர் சிகிச்சையோ ஊசி மருந்தோ முதலில் தேவைப்படலாம். அதைக் கவனியாமல் புரையை மட்டும் எடுத்தால், அறுவை நன்றாக நடந்தும் பார்வை தேறாது. சிலருக்கு விழித்திரை நோய் மேலும் முற்றும். அதேபோல் கண் நீர் அழுத்தம் உயரும் அபாயம் உள்ளவர்களுக்கு, கண்ணுக்குள் நீர் ஓடும் வழியைத் திறக்கச் சிறு துளையிடும் லேசர் சிகிச்சை உண்டு. இவை புரையை அகற்றுவதில்லை, கண்ணைக் காப்பவை. இவற்றை மருத்துவர் பரிந்துரைத்தால் தள்ளிப்போடுவது தகாது.

அறுவைக்குப் பின் மீண்டும் மங்கினால்

அறுவை முடிந்து ஓராண்டோ மூன்றாண்டோ தெளிவாகக் கண்ட ஒருவருக்கு, மெல்ல மெல்ல மீண்டும் பனி மூடியது போலத் தோன்றும். "புரை திரும்பி வந்துவிட்டது, அறுவை சரியாகச் செய்யப்படவில்லை" என்று அவரும் குடும்பத்தாரும் மனம் சோர்வர். மறுபடியும் கடல் கடந்து போய் இன்னோர் அறுவையா என்று அஞ்சி, அப்படியே இருந்துவிடுவோரும் உண்டு.

அகற்றிய புரை மீண்டும் வளர்வதில்லை. செயற்கை லென்ஸைத் தாங்குவதற்காக, இயற்கை லென்ஸ் இருந்த பையின் பின்சுவரை மருத்துவர் அப்படியே விட்டுவைக்கிறார். பையில் எஞ்சிய நுண்ணிய உயிரணுக்கள் காலப்போக்கில் அச்சுவரின்மேல் பரவி அதை மங்கச் செய்கின்றன. பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐந்தாண்டுகளுக்குள் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட கண்களில் இம்மங்கல் உண்டாயிற்று. விளிம்பு கூரிய இன்றைய லென்ஸ்களால் அது குறைந்துள்ளது.

இதற்குரிய தீர்வே யாக் லேசர். இங்கே லேசருக்கு மாற்று என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து விட்டு, நோயாளியை அமரவைத்து, பின்சுவரின் நடுவில் லேசரால் சிறு திறப்பு ஒன்றை உண்டாக்குவர். வெட்டில்லை, ஊசியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீடு திரும்பலாம். வாகனம் மட்டும் அன்று ஓட்டலாகாது. சில நாள்களுக்குக் கண்முன் புள்ளிகள் மிதப்பது போலத் தோன்றுவது இயல்பு. பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரே முறை போதும்.

யாக் சிகிச்சையிலும் கவனிக்க வேண்டியவை சில உள. கண்ணின் அழுத்தம் சில மணி நேரம் உயரலாம். விழித்திரையின் நடுப்பகுதி வீங்குதல், விழித்திரை விலகுதல் ஆகியவை அரிதாக நேரலாம். ஆகவே, மங்கலுக்குக் காரணம் பின்சுவர்தான் என்று உறுதிசெய்த பிறகே இதைச் செய்வர். பல்குவிய லென்ஸ் பொருத்திக்கொண்டு அதில் நிறைவடையாதவர், லென்ஸை மாற்றுவதா என்பதை யாக் சிகிச்சைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். பின்சுவர் திறக்கப்பட்டபின் லென்ஸை மாற்றுவது கடினம்.

எது இயல்பு, எது ஆபத்து?

அறுவைக்குப் பின் முதல் சில நாள்கள் பார்வை சற்று மங்கலாக இருக்கும். வெண்மை நீலம் கலந்ததுபோல் தோன்றும். மணல் உறுத்துவது போன்ற உணர்வும் உண்டு. இவை பெரும்பாலும் தாமாகவே தீரும். கண்ணாடியின் எண்ணைச் சில வாரங்கள் கழித்தே உறுதியாகக் கணிக்க முடியும். முதல் வாரத்திலேயே புதுக் கண்ணாடி வாங்குவது வீண் செலவு.

ஆனால் வலி கூடுதல், சிவப்பு மிகுதல், தெளிந்த பார்வை மீண்டும் குறைதல் ஆகியவை கண்ணுக்குள் நோய்த்தொற்று ஏற்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, திடீரெனப் பல கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவது போன்ற தோற்றம் ஆகியவை விழித்திரை விலகுவதைக் காட்டலாம். இந்நிலைகளில் ஒரு நாள் தாமதமும் பார்வையைப் பறிக்கக்கூடும். அடுத்த கப்பல் வரட்டும் என்று காத்திராமல், உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகி, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும்.

கடல் கடந்து செல்வோருக்கு

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். ஹட்பேயிலோ கேம்ப்பெல்பேயிலோ வாழ்வோருக்கு அதற்கு முன் மற்றொரு கடற்பயணமும் உண்டு. ஆகவே அறுவை நாளைக் குறிக்கும் முன், மறுபரிசோதனை நாள்களையும் சேர்த்தே குறிக்க வேண்டும். வழக்கமாக மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று கண்ணைப் பார்ப்பர். தொற்று தோன்றுமாயின் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தோன்றும் என்பதால், அந்த வாரத்தையாவது மருத்துவமனைக்கு அருகில் கழிப்பது நலம்.

முதலில் ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டி, இங்கேயே சிகிச்சை பெற இயலுமா என்று கேட்டறிவது நல்லது. வெளியூரில் அறுவை செய்துகொண்டாலும் பிந்தைய பரிசோதனையை இங்கே தொடரலாமா என்று இரு இடத்து மருத்துவர்களிடமும் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். யாக் லேசர் வசதி அருகில் எங்கே உள்ளது என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்க.

புரை அறுவைக்குப் பின் விமானத்தில் பறக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். மருத்துவர் இசைந்தால், சாதாரணப் புரை அறுவைக்குப் பின் பறப்பதற்குத் தடையில்லை. ஆனால் விழித்திரை அறுவை செய்து கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்திருப்பின், அது முற்றிலும் கரையும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரே செல்லும்போது காற்றழுத்தம் குறைய, வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் பார்வையைப் பறிக்கும் அளவுக்கு உயரும். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரையச் சில வாரங்கள், சில வேளைகளில் இரண்டு மாதம் வரை ஆகலாம். தீவுவாசிகள் இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் நினைவூட்டித் திரும்பும் பயணத்தைக் கப்பலிலோ, தாமதமாகவோ அமைத்துக்கொள்ள வேண்டும். தீவுகளுக்கிடையே செல்லும் ஹெலிகாப்டருக்கும் இவ்விதி பொருந்தும்.

வீடு திரும்பிய பின், மருத்துவர் இசைவு தரும் வரை கடலிலும் குளத்திலும் இறங்குதல், கண்ணைக் கசக்குதல், கனமான சுமை தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்த நாள் வரை விடாமல் பயன்படுத்த வேண்டும். உள்ளூரில் கிடைக்குமா என்ற ஐயம் இருப்பின், முழுக் காலத்துக்கும் தேவையானதை வாங்கி வருவது நன்று.

செலவும் காப்பீடும்

தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் புரை அறுவையும் லென்ஸும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பணம் இல்லை என்பதற்காகப் பார்வையை இழக்க வேண்டியதில்லை என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும்.

தனியார் மருத்துவமனையை நாடுவோர், அறுவைக் கட்டணம், லென்ஸின் விலை, லேசருக்கான கூடுதல் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரக் கேட்க வேண்டும். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள் இரண்டு விதிகளைப் படித்தறிய வேண்டும். ஒன்று காத்திருப்புக் காலம். பல காப்பீடுகளில் புரை அறுவைக்கு இது இரண்டு ஆண்டு. மற்றொன்று உச்சவரம்பு. எடுத்துக்காட்டாக, 2020இல் அறிமுகமான ஆரோக்கிய சஞ்சீவனி பொதுக் காப்பீட்டில், ஒரு கண்ணுக்கு ஓராண்டில் காப்பீட்டுத் தொகையின் 25 விழுக்காடு அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே கிடைக்கும் என்று வரையறுக்கப்பட்டது. எஞ்சியதை நாமே செலுத்த வேண்டும். ஃபெம்டோ லேசருக்கும் உயர்விலை லென்ஸுக்கும் உரிய கூடுதல் தொகை ஏற்கப்படுமா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் பெறுவது பாதுகாப்பு. 70 வயது நிறைந்தோருக்கு, வருமான வேறுபாடின்றி, 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை ஏற்கப்படும் என்பதைப் புறப்படும் முன் கேட்டறிக.

இரு கண்களுக்கும் அறுவை தேவைப்படின், இரண்டு பயணமும் துணைவருக்கான தங்கும் செலவும் கணக்கில் வர வேண்டும். பொருத்திய லென்ஸின் விவரம் அடங்கிய அட்டையையும் மருத்துவக் குறிப்புகளையும் பத்திரப்படுத்துக. பின்னாளில் வேறு மருத்துவரிடம் செல்லும்போது அவை பெரிதும் பயன்படும்.

பார்வை மங்கிய நாள்களில் வங்கிப் பணி

புரையுடன் காத்திருக்கும் மாதங்களில், குறுஞ்செய்தியில் வரும் எண்ணைப் படிக்கவும் படிவத்தை நிரப்பவும் பிறர் உதவியை நாட நேரும். அப்போது அட்டையின் இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் அறிமுகமற்றோரிடம் சொல்லலாகாது. 70 வயதைக் கடந்தோருக்கும் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கும் இல்லம் தேடி அடிப்படைச் சேவைகளை அளிக்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. கையொப்பம் மாறிவிட்டதாக உணர்வோர் தயங்காமல் கிளையை அணுகி, புதிய மாதிரிக் கையொப்பத்தைப் பதிவு செய்யலாம்.

மருத்துவரைச் சந்திக்கும் நாளில் மூன்று கேள்விகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் செல்லுங்கள். என் மங்கலுக்குப் புரை மட்டுமே காரணமா? நீங்கள் சொல்லும் லேசர் எந்த வேலையைச் செய்யப்போகிறது, அது இல்லாவிட்டால் என் பார்வைக்கு என்ன குறையும்? ஊர் திரும்பிய பின் கண்ணில் ஏதேனும் நேர்ந்தால் நான் யாரை, எங்கே அணுக வேண்டும்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு பயணச்சீட்டு வாங்குங்கள்.